பதினான்காம் பக்கம்

பிள்சென் நகரத்தில்
இரவுமுறை மருந்துக்கடை எனக்கு.
காய்ச்சலும் பல்வலியும் மணியடிக்காத வேளைகளில்
மாத்திரை உறைகளின் முதுகில் கதை எழுதுகிறேன்,
ஒரு சீட்டு விளையாட்டுக்கு.

யாரும் கேட்கவில்லை. காசும் கிடையாது.
விளையாட்டைச் செய்த கம்பெனிக்கு
நான் உயிரோடிருப்பதே தெரியாது.
ஆனால் அந்தப் பெட்டிக்குள் நூற்றிருபது சீட்டுகள்,
சதுப்பு, கோபுரம், பாலத்துக்கடியில் பசித்த ஏதோ ஒன்று,
ஒவ்வொன்றின் அடியிலும் சாய்ந்த எழுத்தில் ஒரே ஒரு வரி.
ஒற்றை வரியைக் கையில் கொடுத்து
ஒருத்தியை எப்படிக் காட்டுக்குள் அனுப்புவது?

சீட்டு நாற்பத்தேழு: விளக்கேந்துபவள்.
விலை ஒன்று. உயிர் இரண்டு.
'வெளிச்சம் முன்னால் போகட்டும்' என்பது அவள் வரி.
எங்கள் மேசையில் அவளுக்கு வேலை சாவது.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே,
அவள்தான் தலைப்பாகை.
டிராம் ஓட்டும் விராதிஸ்லாவ்
அடி விழுமுன்பே அவளைத் தள்ளிவிட்டு
காப்பிக் கோப்பையை எடுப்பான்.

எனவே அவளிடமிருந்து தொடங்கினேன்.
மிரேவா என்று பெயர் வைத்தேன்.
இடக்கால் பூட்ஸ் அவள் அளவில்லை,
வைக்கோல் திணித்து நடக்கிறாள்.
மூன்று ஆடு கடன்.
இருட்டென்றால் பயம்; அதனால்தான்
விளக்குப் பிடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள்.

கைப்புத்தகம் முப்பத்திரண்டு பக்கம்.
லூபோஷ் வேலை செய்யும் அச்சகத்தில்
யாருடைய கல்யாண அழைப்பிதழுக்கோ வாங்கி
மிஞ்சிய தந்தநிறத் தாளில் அடித்தோம்.
விதியில் நான் கைவைக்கவில்லை.
விதி எப்படிப் போகிறதோ அதற்கொரு பக்கம், அவ்வளவே:
அவள் பிழைத்தால் பதினைந்து,
செத்தால் பதினான்கு.
பதினான்குக்கு ஒன்பது இரவு ஆயிற்று.
சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்,
நான் எழுதியதிலேயே நல்லது அதுதான்.

வியாழக்கிழமை விராதிஸ்லாவ் உரக்கப் படித்தான்,
நிறுத்தங்களை அறிவிக்கும் அதே குரலில்:
இடக்கால். வைக்கோல். ஆடு.
பிறகு பாலத்துக்கடியில் இருந்தது எழுந்தது.
அடி ஐந்து.
அவன் கை அவள்மேல் போயிற்று. நின்றது.
"என் ஆளே வாங்கிக்கொள்ளட்டும்" என்று
நான்கே உயிர் மிஞ்சிய தன் வீரனைக் கவிழ்த்தான்.
தோற்றோம்.
அடுத்த வியாழனும் தோற்றோம்.
மூன்றாவதில் லூபோஷின் தங்கை குவியேதா
அவளைக் காப்பாற்ற மாயக்கயிற்றை வீணாக்கினாள்; தோற்றோம்.
"ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாய், போஹ்தனா" என்றார்கள்,
சிரித்தபடி, கொஞ்சம் நிஜமாகவும்.
"மலிவான சீட்டுக்கெல்லாம் எழுதாதே.
நாற்பத்தெட்டு கோவேறு கழுதை. அதையாவது விட்டுவிடு."

எனக்கோ வேறு வருத்தம்.
பதினைந்தை மூன்று முறை படித்தாகிவிட்டது.
அது சுமார்தான்: விடிகிறது, ஆறு தெரிகிறது,
அவள் விளக்கை ஊதி அணைக்கிறாள்.
பதினான்கை ஒருவரும் திருப்பவில்லை.

நேற்றிரவு மூன்று மணிக்கு
இருமல் மருந்துகளை ஒதுக்கிவிட்டு
கல்லாவுக்குப் பக்கத்தில் தனியாகப் பரப்பினேன்.
பாலம். பசித்தது. அடி ஐந்து.
யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு
அவளைத் தள்ளினேன்.
பக்கத்தைத் திருப்பி
வெற்றுக் கடைக்கு வாய்விட்டுப் படித்தேன்.

பாதியில் மணி அடித்தது.
இரவுடைமேல் கோட்டு மாட்டிய ஒருவர்;
குழந்தைக்குக் காய்ச்சல் முப்பத்தொன்பது.
மருந்து கொடுத்தேன், அளவு சொன்னேன்.
சீட்டுகளைப் பார்த்தார். "ஜெயிக்கிறீர்களா?"
"தெரியவில்லை."

அவர் போனதும் விட்ட வரிக்கு வந்தேன்.
பாலத்தின் விளிம்பில், சேற்றில்,
பூட்ஸ் மட்டும் கிடக்கிறது,
வைக்கோல் பிதுங்கியபடி.
வலக்கால் பூட்ஸ் என்று எழுதியிருக்கிறேன்.

ஒன்பது இரவு.
வலக்கால்.

சிவப்புப் பேனாவைத் தேடினேன்.
நாற்பது பிரதியிலும் திருத்தவேண்டும்,
அதுவரை இந்தப் பக்கம் செல்லாது.
சீட்டை நிமிர்த்தி வைத்தேன்.
உயிர் இரண்டு.